மஞ்சள் தோட்டா

ராஸ் டாபர்னுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொன்னால், "சரி சரி, போய் வேலையப் பாரு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அதனால் எழுதிவிடுகிறேன். எழுதினால் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதும் சேர்ந்தே வெளியே வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

நான் மால்கம் பின்ச்பெக். மார்ஷ்கேட் கடைத்தெருவில் முப்பத்தோரு வருடமாக சலூன் வைத்திருக்கிறேன். முடி வெட்டுகிறவன் என்றால் எல்லோரும் கத்தரி பிடிக்கிற வலது கையைத்தான் பார்க்கிறார்கள். உண்மையில் பாதிக்கு மேல் வேலை செய்வது இடது கை. சீப்பைப் பிடிப்பது, முடியை விரலிடுக்கில் தூக்கி நிறுத்துவது, காதை மடக்குவது, தூங்கி வழிகிற தலையை நிமிர்த்துவது எல்லாம் அதுதான். அந்த இடது கை இன்றைக்கும் என் மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் ராஸ். அதிலும் பெரிய கொடுமை என்னவென்றால், அவள் அந்தக் கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து நான்கு மைல் போனால் கடல் அணை. அணைக்கு அந்தப் பக்கம் உப்புச் சதுப்பு, அதற்கப்பால் சேறு, அதற்கப்பால் வாஷ் கடல். அக்டோபர் பிறந்தால் ஐஸ்லாந்திலிருந்து காட்டு வாத்துகள் வந்து இறங்கிவிடும். ராத்திரியெல்லாம் சேற்றில் தங்கிவிட்டு, விடிகிற நேரத்தில் கூட்டம் கூட்டமாக அணையைத் தாண்டி பீட்ரூட் வயல்களுக்கு மேயப் போகும். என் நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் அந்த வாத்துக்காகச் சேற்றில் படுத்துக் கிடப்பவர்கள். முப்பது வருடம் அவர்கள் கதையைக் கேட்டுக் கேட்டு, எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி லோர்னாவோடு போய், வானத்தில் வீசி எறிகிற களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடுகிற பழக்கம் மட்டும் எனக்கு உண்டு. சதுப்பில் சுடுவதற்குச் சங்கத்தில் சேர வேண்டும். இரண்டு வருடம் காத்திருந்து, ஐம்பத்தேழு வயதில், புதிய உறுப்பினர் ஆனேன்.

சங்கத்தில் ஒரு விதி. முதல் மூன்று தடவை புதியவன் தனியாகப் போகக் கூடாது. பழைய உறுப்பினர் ஒருவர் கூட வருவார். தன் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு, தன் வேட்டைப் பருவத்தில் ஒரு நல்ல விடியலை நமக்காக விட்டுக்கொடுத்து வருவார். ஒவ்வொரு தடவையும் ஒரு படிவத்தில் நம்மைப் பற்றி எழுதிக் கையெழுத்துப் போடுவார். எனக்கு வாய்த்தவள் ராஸ்.

ராஸுக்கு முப்பத்து மூன்று வயது. சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் லாரி ஓட்டுகிறாள். பதினெட்டு வயதிலிருந்து சங்கத்தில் இருக்கிறாள். தன் முடியைத் தானே சமையலறைக் கத்தரியால் வெட்டிக்கொள்வாள். கடை வாசலில் அவள் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஒருநாள் கடையில் நாலு பேர் இருக்கும்போது, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டேன்.

"ராஸ், உன் தலைய எந்த எலி கடிச்சுது?"

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"எந்த எலியா இருந்தா என்ன? கடிச்சு முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கல. அதுக்கே கும்பிடு போடலாம்."

நாலு பேரும் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் அவ்வளவாக ஒத்துப்போகாது.

சரி, தோட்டாவுக்கு வருகிறேன். களிமண் தட்டுக்கு நான் பழகியதெல்லாம் ஈய ரவை, அதாவது தோட்டாவுக்குள் அடைத்திருக்கிற சின்னச் சின்ன ஈயக் குண்டுகள். சதுப்பில் ஈயம் கூடாது, சட்டம். சேற்றில் விழுகிற ஈயத்தைப் பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்துப்போகின்றன. அதனால் எஃகு ரவை. எஃகு ஈயத்தைவிட லேசு, ஆகவே ரவை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிது? இங்கேதான் என் தலைவலி தொடங்கியது. ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொன்னார்கள். கழுத்தில் துணியைக் கட்டினால் போதும், எல்லோருக்கும் ஞானம் வந்துவிடுகிறது. கடைசியில் துப்பாக்கிக் கடை நெவில் ஸ்கெல்டனிடம் போனேன்.

"எதச் சுடப்போற?" என்றான் நெவில்.

"வாத்து."

"வாத்து வரலன்னா?"

"வரும்."

"உங்கிட்ட சொல்லிட்டா வருது? நடுவுல வாத்தவிடச் சின்னதா தாரா வந்தா சும்மா விட்டுடுவியா?"

"அதையும் சுடுவேன்."

"அப்போ ரெண்டு வகை எடு. தாராவுக்கு மூணாம் நம்பர். வாத்துக்கு ஒண்ணாம் நம்பர்." இந்த வியாபாரத்தில் எண் சிறிதானால் ரவை பெரிது.

"ஒண்ண விடப் பெருசா எதுவும் இல்லையா?"

"இருக்கு. ஆனா பெருசாப் போட்டா எண்ணிக்கை கொறையும். ரவை விரியிறப்ப நடுவுல ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியா வாத்து போயிட்டே இருக்கும், நீ பாத்துக்கிட்டே நிப்ப."

துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னுடையது இரட்டைக் குழல், பன்னிரண்டு போர்; போர் என்பது குழலின் உள்ளகலத்துக்கு ஒரு கணக்கு. குழலடியில் எஃகுக்குத் தாங்கும் என்பதற்கான அல்லிப்பூ முத்திரை இருக்கிறதா, குழல்வாய் ரொம்ப இறுகியிருக்கிறதா என்று சோதித்தான். "இறுகின வாயில ஈயம் நசுங்கி வெளிய போயிடும். எஃகு நசுங்காது. ஆனா உன் துப்பாக்கிக்கு ஒண்ணும் ஆகாது, நல்லா தாங்கும்," என்று தட்டிக்கொடுத்துத் திருப்பித் தந்தான். கறுப்பு உறையில் ஒன்றாம் எண் ஒரு பெட்டி, சிவப்பு உறையில் மூன்றாம் எண் ஒரு பெட்டி. இரண்டிலும் ரவைக்கு அடியில் வைக்கிற உள்தக்கை சேற்றில் மக்கிப்போகிற வகை. நான் ஒன்றையும் விடவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைத்து, எதில் எத்தனை எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். லோர்னா உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"கல்யாண மோதிரம் எடுக்க உனக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு, மால்."

"அது ஒரே ஒரு விரலுக்கு. இதுல தப்பு பண்ணா திரும்பக் கெடைக்காது."

"கேட்டுக்கோங்க எல்லாரும்," என்று பாத்திரத்தை என் தோட்டாக்கள் நடுவிலேயே வைத்தாள்.

லோர்னாவும் சுடுவாள். என்னைவிட நன்றாகவே சுடுவாள். அவளுடையது இருபது போர். இதிலும் எண் தலைகீழ்தான், இருபது போர்க் குழல் பன்னிரண்டைவிட ஒல்லி, தோட்டாவும் ஒல்லி. இருபது போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் உறை போடுவது சும்மா அழகுக்கு இல்லை. ஒல்லித் தோட்டாவைத் தெரியாமல் பன்னிரண்டு போரில் போட்டால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழலுக்குள் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் பார்த்தால் காலியாகத் தெரியும். காலி என்று நினைத்து இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் இருப்பது அடைத்துக்கொண்டு நிற்க, குழல் கிழியும். கிழிகிற இடம் துப்பாக்கியைத் தாங்குகிற இடது கை. இது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவள் பெட்டி தனி, பை தனி, அலமாரி தனி. ஆறு வருடத்தில் ஒருநாளும் ஒன்றோடொன்று கலந்ததில்லை.

மழைக்கோட்டு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்று. தண்ணீர் இறங்காமல் மெழுகு பூசிய என் பழைய கோட்டு. ஏப்ரலில் ஒருநாள் தட்டு சுடும் மைதானத்தில் மழை பிடித்துக்கொண்டபோது லோர்னா அதைப் போட்டுக்கொண்டாள். அந்தக் கோட்டின் வலது பையில் ஒரு ஓட்டை உண்டு. விரல் போகிற அளவு இருந்தது, நாளாக ஆகப் பெரிதாகிவிட்டது. சாவி, மிட்டாய், ஒரு முறை என் மூக்குக் கண்ணாடி எல்லாம் அந்த வழியே உள்துணிக்குள் போய் வந்திருக்கின்றன. "குடு, தைச்சுத் தரேன்" என்று அவள் பலமுறை கேட்டாள். "இருக்கட்டும், காத்தோட்டமா இருக்கு" என்று நான் பலமுறை சொன்னேன்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, கடல் அணை மேல் ராஸின் வண்டிக்குப் பக்கத்தில் என் வண்டியை நிறுத்தினேன். காற்று காதை அறுத்தது. அவளுடைய கறுப்பு லாப்ரடார் நெட்டில் என் காலை மோந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்பதுபோல விலகி உட்கார்ந்தது. ராஸ் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"எல்லா பாக்கெட்டையும் காலி பண்ணி இங்க வை."

"என்ன, போலீஸ் சோதனையா?"

"நெனச்சுக்கோ."

வண்டியின் முன்மூடி மேல் எடுத்து வைத்தேன். ஒன்றாம் எண் ஐந்து, மூன்றாம் எண் ஐந்து. ஒவ்வொன்றையும் விளக்கடியில் எடுத்துப் பார்த்தாள். அடிப்பித்தளையில் பொறித்திருந்ததைப் படித்தாள். எனக்குப் பொறுமை போயிற்று.

"நெவில் பாத்துத்தான் குடுத்தான். நான் ரெண்டு வாரம் யோசிச்சு எடுத்தது. நீ வேற என்ன கண்டுபிடிக்கப் போற?"

"ஒண்ணும் இல்லன்னா சந்தோஷம். இப்ப பாக்கெட் துணிய வெளிய இழுத்துக் காட்டு."

இடது பையை இழுத்துக் காட்டினேன். வலது பையை இழுக்கவில்லை. வெறுமனே மேலே இரண்டு தட்டுத் தட்டி, "காலி" என்றேன். இழுத்தால் ஓட்டை தெரியும். ஓட்டை தெரிந்தால் அதற்கு ஒரு பாட்டு கேட்க வேண்டும். என் வயதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய ஒருத்தியிடம் கிழிந்த கோட்டுக்காகத் திட்டு வாங்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம். கறுப்பை வலது பையிலும் சிவப்பை இடது பையிலும் நான் திரும்பப் போட்டதும் அவள் விளக்கை அணைத்தாள். இருட்டு, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

சதுப்பில் அரை மணி நேரம் நடந்தோம். முழங்கால் வரை பூட்ஸ், ஒவ்வோர் அடிக்கும் சேறு உள்ளே இழுத்து, மனசில்லாமல் விட்டது. ஒரு ஓடையின் கரையில், முதுகைக் கரையில் சாய்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நெட்டில் எங்களுக்கு நடுவில். வெளிச்சம் காட்டக் கூடாது, பேச்சும் காதோடு காதாகத்தான்.

"மொத தடவ ஒரே ஒரு தோட்டாதான் போடணும்," என்றாள் ராஸ். "வலது குழல்ல. நான் சொன்னப்புறம் சுடு."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ண ஒழுங்கா சுடு. அப்புறம் ரெண்டப் பத்திப் பேசலாம்."

வலது பையில் கை விட்டு, ஒன்றாம் எண் தோட்டாக்களை எண்ணினேன். நான்குதான் இருந்தன. ஐந்தாவது ஓட்டை வழியே உள்ளே போய்விட்டது என்று தெரிந்தது. குளிரில் விறைத்த இரண்டு விரலை ஓட்டைக்குள் நுழைத்து, கோட்டின் ஓரத்தில் துழாவினேன். ஒன்று தட்டுப்பட்டது. கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, அதை வெளியே இழுத்தேன். இழுத்த கையோடு அதையே குழலில் போட்டேன். கண் வானத்தில் இருந்தது. துப்பாக்கியை மூடினேன்.

கிழக்கே கடலும் வானமும் பிரிகிற இடத்தில் ஒரு சாம்பல் கோடு விழுந்தது. அப்புறம் சத்தம். முதலில் தூரத்தில் ஒரு சந்தைபோலக் கேட்டது. பிறகு அந்தச் சந்தை மொத்தமும் எழுந்து எங்களை நோக்கி வந்தது. முப்பது வருடம் நாற்காலிக்காரர்கள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. நூறு வாத்துக்கு மேல், கோடு கோடாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, என் தலைக்கு மேலே.

"இரு," என்றாள் ராஸ். "இரு. இப்ப."

எழுந்து, குறி வைத்து, விசையை இழுத்தேன்.

கிளிக்.

கூட்டம் போய்விட்டது. துப்பாக்கியை மடக்கித் திறந்தேன். வலது குழலின் பின்பக்கம் காலி. போடும்போதே நழுவிச் சேற்றில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். சனியன்! கடல் பக்கம் பார்த்தால் இன்னொரு கூட்டம், இதைவிடத் தாழ்வாக, நேராக எங்களை நோக்கி. பையிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக் குழலருகே கொண்டுபோனேன். ராஸின் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"கிளிக்னு கேட்டுச்சே."

"உள்ள தோட்டா இல்ல. கீழ விழுந்துடுச்சு."

"விழுந்ததப் பாத்தியா?"

"இருட்டுல எதப் பாக்குறது? கைய விடு, வருது பாரு!"

"துப்பாக்கிய வானத்துக்குக் காட்டு. ரெண்டு குழல்லயும் வானம் தெரியுதான்னு பாரு. அப்புறம் போடு."

"அதுக்குள்ள போயிடும் ராஸ்!"

"போகட்டும்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "உனக்கென்ன, நீ பதினஞ்சு வருஷமா சுடுற! என் மொத வாத்து இது! பெரிய வாத்தியாரம்மா மாதிரி சட்டம் பேசுற? மொதல்ல போய் உன் தலைய ஒழுங்கா வெட்டிக்கிட்டு வா, அப்புறம் எனக்குப் புத்தி சொல்லு!" இதற்குப் பிறகு சொன்னதை இங்கே எழுத முடியாது. நெட்டில்கூடக் காதை மடக்கிக்கொண்டது.

ராஸ் பிடியை விடவில்லை. நாள் முழுக்க லாரி ஓட்டுகிற கை அது, என்னால் அசைக்க முடியவில்லை. வாத்துகள் எங்கள் மேல் வந்தன. சிறகு காற்றைக் கிழிக்கிற சத்தம்கூடக் கேட்கிற அளவுக்குத் தாழ்வாக வந்தன. நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. என் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் அணையைத் தாண்டிப் போய்ச் சத்தம் அடங்கிய பிறகுதான் கையை விட்டாள்.

"இப்பப் பாரு," என்றாள்.

கோபத்தில் துப்பாக்கியைத் தூக்கி, பின்பக்கமாக ஒரு கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தேன். இடது குழலில் வட்டமாக விடியல் தெரிந்தது. சாம்பலும் கொஞ்சம் ரோஜாவும் கலந்த நல்ல வெளிச்சம்.

வலது குழலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். இருட்டு.

"ராஸ்," என்றேன். துப்பாக்கியை அவள் பக்கம் நீட்டினேன்.

அவள் துப்பாக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து மெல்லிய கம்பு ஒன்றை எடுத்து, குழல்வாய் வழியாக விட்டு, பொறுமையாகத் தள்ளினாள். பின்பக்கமாக என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில்கூட மஞ்சள் மஞ்சளாகத்தான் தெரிந்தது. லோர்னாவின் தோட்டா. ஏப்ரல் மழையிலிருந்து ஏழு மாதம் என் கோட்டின் உள்துணிக்குள் படுத்துக் கிடந்திருக்கிறது.

ராஸ் அதை எடுத்து, குழலின் மேல், அது உள்ளே மாட்டியிருந்த இடத்துக்கு நேராக வைத்துக் காட்டினாள். பிறகு என் இடது கையைப் பிடித்து, நான் துப்பாக்கியைத் தாங்குகிற இடத்தில் வைத்தாள். தோட்டா என் கட்டைவிரலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை. அழுகை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். சலூனில் இத்தனை வருடம் எத்தனையோ ஆண்கள் அழுது பார்த்திருக்கிறேன், துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ராஸும் அதையே செய்தாள். கடலைப் பார்த்துக்கொண்டு, குடுவையிலிருந்து டீ ஊற்றி என் பக்கம் நீட்டினாள்.

"பாக்கெட்ட நான் இழுத்துக் காட்டல," என்றேன். "ஓட்டை இருக்கு. நீ திட்டுவன்னு மறைச்சேன்."

"தெரியும். தட்டுனதக் கேட்டேன். நானே இழுத்துப் பாத்திருக்கணும், விட்டுட்டேன். என் தப்பும்தான்."

"உன் தப்பா? நான் உன்ன என்னவெல்லாம் சொன்னேன்!"

அவள் கொஞ்ச நேரம் நெட்டிலின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு பதினெட்டு வயசுல, சங்கத்துல சேந்த புதுசுல, இதே நடந்துச்சு. என் சித்தியோட மஞ்சத் தோட்டா. கூட வந்தவரு பேரு ஆல்ஃப். இதே மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டு விடல. நீ சொன்னதெல்லாம் ஒண்ணுமே இல்ல மால்கம். நான் அவரச் சொன்ன வார்த்தைக்கு அவரு என்னத் தூக்கி இந்த ஓடையில போட்டிருக்கணும்."

"போடலையா?"

"டீ குடுத்தாரு," என்றாள்.

கையிலிருந்த குவளையைப் பார்த்தேன். இன்னும் இரண்டு கூட்டம் மேலே போயிற்று. சுடத் தோன்றவில்லை. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் பார்த்ததில்லை.

வீடு திரும்புகிற வழியெல்லாம், லோர்னாவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அவள் தோட்டா என்று தெரிந்தால் தன்னைத்தானே வதைத்துக்கொள்வாள். ஆனால் மறைத்ததால்தானே இவ்வளவும். சாப்பாட்டு மேசையில் மஞ்சள் தோட்டாவை வைத்துவிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் இடது கையை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், "காத்தோட்டமாம், காத்தோட்டம்" என்று அழுதுகொண்டே திட்டிக்கொண்டு, அந்த ஓட்டையை மூன்று தையல் போட்டு மூடினாள். அந்தப் பையிலிருந்து இனிமேல் ஒரு கடுகுகூட வெளியே போகாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், ராஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. கையில் சங்கத்தின் படிவம்.

"உன் நகல். படிச்சுட்டு வெச்சுக்கோ."

அவள் எழுதக்கூடியது எதுவாக இருந்தாலும் அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு படித்தேன். 'புதிய உறுப்பினர் பற்றி' என்ற இடத்தில், பெரிய பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 'தோட்டா வெடிக்கவில்லை. வாத்துக் கூட்டத்தை விட்டுவிட்டு, குழல் வழியே வானத்தைப் பார்த்தார். அடுத்த முறையும் இவரோடு போக எனக்குச் சம்மதம்.'

"ராஸ், இது பொய்."

"எது பொய்? பாத்தியா இல்லையா?"

"நீ பிடிச்சு வெச்சதால பாத்தேன். நான் திட்டினத எழுதவே இல்லையே."

"படிவத்துல மூணு வரிதான் இருக்கு. நீ திட்டுனத எழுத நோட்டுப் புத்தகம் வேணும்."

அவள் கதவு வரை போனாள். கைப்பிடியில் கை வைத்தபடி நின்று, அங்கே மாட்டியிருந்த கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தாள்.

"உண்மையிலேயே எலி கடிச்ச மாதிரியா இருக்கு?"

"உக்காரு," என்றேன்.

"இது ஆம்பளைங்க சலூனாச்சே?"

"இன்னைக்கு இல்ல. லாரிய நிறுத்திட்டு வந்து உக்காரு."

இன்ஜின் சத்தம் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் துணியைக் கட்டினேன். வலது கையில் கத்தரியை எடுத்தேன். இடது கையில் சீப்பை எடுத்து, அவள் உச்சந்தலையில் வைத்து, ஒரு கொத்து முடியை விரலிடுக்கில் தூக்கி நிறுத்தினேன்.

ராஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நடுங்குதே, மால்கம்."

"நடுங்கட்டும்," என்றேன். "இருக்குல்ல."